கையசைப்பு

காயம்பட்டு வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வர வேண்டுமென்றால் நடுவர் கையசைக்க வேண்டும். அவர் கோட்டுக்கு வெளியே நின்று நம்மையே பார்ப்பார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையைத் தூக்கி, வா என்று விரல்களை மடக்கினால் போதும். விசில்கூடத் தேவையில்லை. பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தாமான் திடலில் நான் அப்படிக் கையசைத்தேன். பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான ஒன்பது பேர் ஆட்டம். அரையிறுதி, ஒன்றுக்கு ஒன்று, இன்னும் ஆறு நிமிடம். நான் முழுநேர நடுவர் இல்லை. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கணுக்கால் பிசகி, ஓடுவது குறைந்தபிறகு, திடலைவிட்டுப் போக மனமில்லாமல் நடுவர் பயிற்சிக்குப் போய்த் தேர்வெழுதியவன். ஆட்டத்துக்கு 40 வெள்ளி, ஒரு பாக்கெட் நாசி லெமாக், அளவில்லாத ஏச்சு. இதுதான் சம்பளம்.

கார்னர். பந்து வளைந்து வந்தது. எட்டாம் நம்பர் பையனும் எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவனும் ஒரே நேரத்தில் எம்பினார்கள். இரண்டு பேர் கண்ணும் பந்தில். பலகையோடு பலகை மோதியது போல ஒரு வறட்டுச் சத்தம். தடுப்பாட்டக்காரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எட்டாம் நம்பர் மல்லாக்க விழுந்தான். அவனுடைய வலது கை மட்டும் கீழே விழவில்லை. முழங்கை மடங்கி, விரல்கள் விறைத்து, இரண்டு மூன்று விநாடி அப்படியே மேலே நின்றது. யாரையோ எட்டிப் பிடிக்கப் பார்ப்பது மாதிரி. பிறகு தளர்ந்தது.

நான் விசில் ஊதினேன். கோச் ஓடி வந்தார். ஐஸ் தண்ணீரைப் பின்கழுத்தில் ஊற்றினார்கள். பையன் கண்ணைத் திறந்தான். யாரோ அவன் காலைப் பிடித்து மடக்கி நீட்டினார்கள். இது எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நம் திடல்களில் தலையில் அடிபட்டாலும் காலைத்தான் மடக்கி நீட்டுவார்கள். கூட்டிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். அவனுடைய அப்பா வேலியோரமாக வந்து, "அவன் கெட்டி, ஒன்னும் ஆவாது" என்றார்.

நான் ஓடிக்கொண்டே அவனைப் பார்த்துக் கேட்டேன். "போலே?"

"போலே அண்ணே."

கையசைத்தேன்.

இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மலாயில் 'முடியும்'. மலேசியா போலே என்று பள்ளிக்கூடச் சுவர்களில் படித்து வளர்ந்தவர்கள் நாம். முடியாது என்பது நம் வாயில் அவ்வளவு சுலபமாக வராது. தமிழில் அதே சொல்லுக்கு 'மாதிரி' என்று பொருள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பையன் நன்றாக இருந்தான், போலே.

அவன் மிச்சமிருந்த நேரம் முழுக்க விளையாடினான். ஒரு தடவை பந்து வராத பக்கமாக ஓடினான். ஒரு தடவை எறிபந்து எதிரணிக்கு என்று நான் கை காட்டியும் இவன் எடுத்து எறியப் போனான். களைப்பு என்று நினைத்தேன். பெனால்டியில் தோற்றார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் வேனிலேயே இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறான். ராத்திரி பதினொன்றரைக்கு ஏற்பாட்டாளர்களில் ஒருவர் எனக்கு வாட்சாப்பில் குரல் செய்தி அனுப்பினார். பையனை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், ஸ்கேன் எடுத்தாச்சு, ரத்தக்கசிவு இல்லை, யாரும் உங்களைத் தப்பு சொல்லவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் பலமுறை திரும்பக் கேட்டேன்.

*

காற்பந்துக்கு 17 விதிகள். ஐந்தாவது விதி நடுவரைப் பற்றியது. கடுமையாகக் காயம்பட்டால் ஆட்டத்தை நிறுத்து, அவரைத் திடலைவிட்டு வெளியேற்று, உன் அனுமதி இல்லாமல் திரும்ப உள்ளே விடாதே. இது புது விதி இல்லை. நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விதி. ஆக, அன்றைக்கு எனக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. அதிகாரம் முழுக்க என் வலது கையில்தான் இருந்தது. பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தாமான் போட்டிகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே போனவன் பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் வரலாம். உலகக் கிண்ணத்தில்கூட இல்லாத சலுகை. எந்தத் தடையும் இல்லாத இடத்தில்தான் இது நடந்தது.

அதற்குப் பிறகு சில மாதம், இரவு ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத காலைகளில், இந்த விதிகள் எப்படி எப்படி மாறின என்று படிக்க ஆரம்பித்தேன். முதலில் குற்ற உணர்ச்சியில். பிறகு வேறு ஏதோ ஒன்றில்.

கால்களைக் காப்பாற்றிய கதை எளிமையானது. 1990 உலகக் கிண்ணத்தின் தொடக்க ஆட்டத்தில், மிலானில், அர்ஜென்டினாவின் கனிஜியா கேமரூன் பாதிக்குள் புகுந்து ஓடுவார். இரண்டு பேர் அவரை வீழ்த்தப் பார்த்து முடியாமல் போகும். மூன்றாவதாக வந்த மாசிங் முழு உடம்பையும் விட்டு மோதினார். மோதிய வேகத்தில் மாசிங்கின் பூட்டே காலைவிட்டுக் கழன்றது. அவர் வெளியேற்றப்பட்டார், கேமரூன் ஒன்பது பேரோடு நின்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தை அப்பா நடுராத்திரி தோட்டத்து மன்றத்தில் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் யூடியூபில் போட்டுக் காட்டினால் தொடையில் தட்டிச் சிரிப்பார். "பூட்டு எங்க போச்சு பாரு!" நானும் சிரித்திருக்கிறேன். மாசிங்கின் பூட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். கனிஜியாவின் முழங்காலை யாரும் பார்ப்பதில்லை.

மார்கோ வான் பாஸ்டன் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் கடைசியாக ஆடிய ஆட்டம் 1993 மே மாதம், மார்செய்க்கு எதிரான ஐரோப்பியக் கிண்ண இறுதி. வயது 28. திரும்பத் திரும்ப அடிவாங்கி, திரும்பத் திரும்ப அறுவை செய்த கணுக்கால். இரண்டு வருஷம் முயன்று பார்த்துவிட்டு 1995இல் ஓய்வை அறிவித்தார். எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து வரும்படி பின்னாலிருந்து காலை வாரினால் நேராகச் சிவப்பு அட்டை என்ற விதி 1998 உலகக் கிண்ணத்தின்போது நடைமுறைக்கு வந்தது. பிறகு 'பின்னாலிருந்து' என்ற சொல்லும் போய், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஆபத்து ஆபத்துதான் என்றானது.

அடுத்து முழங்கை. 2006 உலகக் கிண்ணத்தில் இத்தாலியின் டி ரோசி முழங்கையால் அமெரிக்காவின் மெக்பிரைட் முகத்தில் இடித்தார். கன்னத்தில் ரத்தம் வழிய மெக்பிரைட் நிற்கும் படம் இன்னமும் எங்காவது வந்துகொண்டிருக்கும். வேண்டுமென்றே தலையில் முழங்கையால் இடித்தால் சிவப்பு அட்டை என்பதை நடுவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க ஆரம்பித்தது அந்த ஆண்டில்தான். ஜெர்மனியின் பண்டஸ்லீகாவில், அதற்கு முந்தைய பருவங்களையும் பிந்தைய பருவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தலைக்காயங்கள் 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஓர் அட்டை. புதுக் கருவி இல்லை, தலைக்கவசம் இல்லை, பயிலரங்கு இல்லை. தொழிற்சாலையில் இப்படி ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து 29 விழுக்காடு குறைத்துக் காட்டினால் என்னை மேடையேற்றி மாலை போடுவார்கள்.

இந்த இரண்டு விதிகளும் தவறு செய்கிறவனை நோக்கியவை. அடிக்காதே, அடித்தால் வெளியே போ. யாருக்கும் புரியும், நடுவருக்கும் சுலபம். எட்டாம் நம்பர் பையனின் விஷயத்தில் அடித்தவன் யாருமில்லை. இரண்டு பேரும் பந்தைத்தான் பார்த்தார்கள். நான் அட்டையை யாரிடம் காட்டுவது?

*

கால் பொய் சொல்லாது. கணுக்கால் பிசகினால் ஊன்ற முடியாது, அவ்வளவுதான். வீரம் பேசினாலும் இரண்டாவது அடியில் கால் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு நடந்தது அது. தலை அப்படியில்லை. "நீ நன்றாக இருக்கிறாயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய உறுப்பே அடிபட்ட உறுப்பு. குடித்திருக்கிறவனிடம் வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்பது போலத்தான். முடியும் என்றுதான் சொல்வான். பொய்கூட இல்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது.

2014 உலகக் கிண்ண இறுதியாட்டம், மரக்கானா. அன்றைக்கு விடியற்காலை மூன்று மணிக்கு நண்பர்களோடு மாமாக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். 17ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் கிராமர் தலையில் அர்ஜென்டினாவின் கராயினுடைய தோள் மோதியது. கிராமர் விழுந்தார், எழுந்தார், தொடர்ந்து ஆடினார். 31ஆவது நிமிடத்தில்தான் வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். இடையில் அவர் நடுவர் ரிசோலியிடம் போய், இது இறுதியாட்டமா என்று கேட்டிருக்கிறார். ரிசோலி முதலில் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தாராம். பிறகுதான் ஜெர்மன் அணியிடம் சொல்லியிருக்கிறார். உலகத்திலேயே அதிகம் பேர் பார்க்கிற ஆட்டம், சுற்றிலும் கேமரா, இரண்டு அணிக்கும் மருத்துவர் குழு. இவ்வளவுக்கும் நடுவில் ஒருத்தர் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் 14 நிமிடம் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக இறங்கிய ஷுர்லே கொடுத்த பந்தில்தான் கோட்ஸே கோல் போட்டார். மாமாக் கடையில் நாற்காலிகள் பறந்தன. கிராமரைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை.

அதே போட்டியில் உருகுவேயின் பெரேரா, இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் முழங்கால் தலையில் பட்டு நினைவிழந்து கிடந்தார். அணி மருத்துவர் ஆளை மாற்றச் சொல்லிச் சைகை காட்டினார். பெரேரா எழுந்து, விரலை ஆட்டி, மாட்டேன் என்று சத்தம் போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனார். மருத்துவர் தோற்றார். அடுத்த நாள் நாங்கள் அதை வீரம் என்று பகிர்ந்துகொண்டோம். நானும்தான் பகிர்ந்தேன். அந்தப் பதிவை இப்போது தேடிப்போய் அழித்துவிட்டேன், கோழைத்தனம்தான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பிஃபா ஒரு யோசனையை முன்வைத்தது: தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் நடுவர் மூன்று நிமிடம்வரை ஆட்டத்தை நிறுத்தலாம், அணி மருத்துவர் சரி என்று சொன்னால்தான் ஆட்டக்காரர் தொடரலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? மூன்று நிமிடத்தில், கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவில், குனிந்து பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? 2020 நவம்பரில் ஆர்சனல், உல்வ்ஸ் ஆட்டம். டேவிட் லூயிஸ் தலையும் ராவுல் ஹிமேனெஸ் தலையும் மோதி, ஹிமேனெஸின் மண்டையோடு உடைந்தது. அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அதே மோதலில் இருந்த டேவிட் லூயிஸ் தலையில் கட்டுப்போட்டுக்கொண்டு, கட்டில் ரத்தம் ஊற, பாதி ஆட்டம் முடியும்வரை ஆடினார். ஒரு மோதலில் இரண்டு தலை இருக்கிறது என்பதைக்கூடத் திடல் மறந்துவிடுகிறது. என் திடலிலும் அந்தத் தடுப்பாட்டக்காரன் பையனை நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதுதான் அவன் ஞாபகமே வருகிறது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எப்போது எழுந்தான் என்று எனக்குத் தெரியாது.

2020 டிசம்பரில் புது விதியைச் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆளை மாற்றலாம். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. ஏமாற்றுவேலை நடக்காமலிருக்க, எதிரணிக்கும் கூடுதலாக ஒரு மாற்று கிடைக்கும். 2024 ஜூலையிலிருந்து விதிப்புத்தகத்திலேயே நிரந்தரமாகச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கட்டாயம் இல்லை, அந்தந்தப் போட்டியை நடத்துகிறவர்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு முழுத் திருப்தியில்லை. ரக்பியில் ஒருத்தர் தற்காலிகமாக இறங்குவார், அடிபட்டவரை உள்ளே அழைத்துப்போய் அமைதியாகச் சோதிப்பார்கள், சரியாக இருந்தால் திரும்ப வருவார். காற்பந்தில் அப்படிச் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டு இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்க லீக்குகள் 2023இல் முன்வந்தபோது விதிகளைத் தீர்மானிக்கும் வாரியம் மறுத்துவிட்டது. சந்தேகம் வந்தால் ஒரேயடியாக வெளியேற்று என்பது அவர்கள் வாதம். காகிதத்தில் அதுதான் கண்டிப்பானது. திடலில் என்ன நடக்கிறது? நிரந்தரமாக இழக்க வேண்டும் என்றால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. 2022 கத்தாரில் ஈரானின் கோல் காவலர் பெய்ரன்வந்த் தன் அணிக்காரரோடு மோதி, நீண்ட நேரம் சிகிச்சை எடுத்துக்கொண்டு, மூக்கில் ரத்தத்தோடு தொடர்ந்தார். புது விதி இருந்தது, மாற்றுக் கோல் காவலர் தயாராக இருந்தார், மருத்துவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பவும் தரையில் படுத்து, முடியவில்லை என்று கைகாட்டிய பிறகுதான் மாற்றினார்கள். கடைசியில் அடிபட்ட தலையேதான் முடிவெடுத்தது.

எங்கள் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கை அந்தத் திரையைத் தாண்டினால் மெஷின் அந்த நொடியே நின்றுவிடும். கை ஓகேவா என்று யாரையும் கேட்காது. போலே என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்தில் எண்ணிக்கை குறைந்தால் அந்தத் திரையை எப்படி ஏமாற்றுவது என்று தெரிந்தவர்கள் எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பல நேரம் அவர்கள்தான் நல்ல வேலைக்காரர்கள். அரையிறுதி, ஒன்றுக்கு ஒன்று, ஆறு நிமிடம் என்றால் கோச்சும் அப்பாவும் பையனும் நானும் எல்லாருமே நல்ல வேலைக்காரர்கள்தான்.

*

படித்துக்கொண்டே போகும்போது ஒரு வழக்கில் நின்றுவிட்டேன். 2011 ஜனவரி, வட அயர்லாந்து. பள்ளி ரக்பி ஆட்டம். பதினான்கு வயதுப் பையன். ஆட்டத்தின்போது மூன்று முறை அவனைச் சோதித்துவிட்டு மூன்று முறையும் தொடரவிட்டார்கள். கடைசி நிமிடங்களில் விழுந்தான். இரண்டு நாள் கழித்து இறந்துபோனான். முதல் அடியின் வீக்கம் அடங்குமுன் இரண்டாவது அடி விழுந்தால் சின்னவர்களின் மூளை தாங்காது என்று விசாரணையில் சொன்னார்கள். அவனுடைய பெற்றோர் விடாமல் அலைந்து பேசியதால்தான் பிறகு பிரிட்டனில் வழிகாட்டிகள் வந்தன. அதன் சுருக்கம், சந்தேகம் என்றால் உட்கார வை.

ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் எங்கள் திடலில் எத்தனை கார்னர் வந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். இரண்டு. எட்டாம் நம்பர் இரண்டுக்கும் எம்பினானா என்பது ஞாபகத்தில் இல்லை.

அவனைப் பார்க்க மூன்று வாரம் கழித்துப் போனேன். மைலோ டின் ஒன்று வாங்கிக்கொண்டு போனது எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. பையன் கூடத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறதாம். பள்ளிக்கு அந்த வாரம்தான் போக ஆரம்பித்திருந்தான், அரை நாள் மட்டும். அவன் அம்மா என்னிடம் பேசவில்லை, ஆனால் தே ஓ போட்டுக் கொடுத்தார். நான் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று போயிருந்தேன்.

"தம்பி, அன்னைக்கு உன்ன நான் திரும்ப உள்ள விட்டிருக்கக் கூடாது."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நான் வெளிய போனேனா அண்ணே?"

கார்னருக்கு ஓடியது வரை ஞாபகம் இருக்கிறதாம். அடுத்து வேன். நடுவில் ஒன்றுமில்லை. நான் கையசைத்ததைப் பார்த்த ஒரே ஆள் அவன்தான். அவனுக்கு அது நடக்கவேயில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட ஆள் இல்லாத மாதிரி இருந்தது.

இப்போது நன்றாக இருக்கிறான். மறுபடியும் விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டேன். பேட்மிண்டன்.

*

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்பா எண்பதுகளில் தோட்டத்து அணிக்குச் சென்டர் ஹாஃப். தலையடிக்குப் பேர்போனவர். கோல் காவலர் உதைக்கும் பந்தை நடுத்திடலில் தலையால் வாங்கித் திருப்பி அனுப்புவாராம். மழைக்காலத்தில் பந்து தண்ணி குடித்துக் கல்லாக இருக்கும். "நெத்தில வாங்கணும்டா, உச்சில வாங்குனா சுத்தும்" என்பது நான் பள்ளிக்கூடம் போகுமுன் படித்த பாடம்.

ஜெஃப் ஆஸ்டல் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்தின் வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியன் அணியின் முன்கள ஆட்டக்காரர், தலையடிக்காகவே கொண்டாடப்பட்டவர். நினைவெல்லாம் அழிந்து 2002இல், 59 வயதில் இறந்தார். மரண விசாரணை அதிகாரி எழுதிய காரணம் 'தொழில்சார் நோய்'. அந்தச் சொல்லை நான் தொழிற்சாலையில் தினமும் பார்க்கிறேன். சத்தம் அதிகமான பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் காது பரிசோதனை உண்டு. பந்து ஒருத்தருக்குப் பிரஸ் மெஷின் மாதிரி ஆகியிருக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களின் மரணங்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். மறதி நோய் போன்ற மூளைச் சிதைவு நோய்களால் இறந்தவர்கள் சராசரி மக்களைவிட மூன்றரை மடங்கு. பிறகு ஆடிய இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்ததில், கோல் காவலர்களுக்குப் பெரிய வித்தியாசமில்லை. தடுப்பாட்டக்காரர்களுக்கு ஐந்து மடங்கு.

"சென்டர் ஹாஃப்" என்று நான் சொல்லவில்லை. அப்பாவே சொன்னார்.

"அதுக்காக? தலையால அடிக்கக் கூடாதுன்னுட்டா அது என்ன பந்து?"

இங்கிலாந்தில் இப்போது கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார்கள் என்றேன். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் தலையடி வேண்டாமென்று 2024இல் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிரிவுகளில் ஆரம்பித்து, ஆண்டுக்கு ஒரு வயதாகப் பதினொன்று வரை ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் 2015லேயே பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நிறுத்திவிட்டார்கள். பெரியவர்களுக்குக்கூட இங்கிலாந்தில் பயிற்சியின்போது வேகமான தலையடி வாரத்துக்குப் பத்து போதும் என்று அறிவுரை. அப்பா சிரித்தார். "பத்தா? நாங்க வெளாடுறதுக்கு முந்தி சூடேத்துறப்பவே அம்பது அடிப்போம்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் மனசுக்குள் பெருக்க ஆரம்பித்துவிட்டேன். ஐம்பது, வாரத்துக்கு நாலு நாள், பதினோரு வருஷம். எஞ்சினியர் புத்தி. அப்பாவுக்கு இப்போது வயது 63. மோட்டார் சாவியைத் தேடுகிறார், எல்லாருடைய அப்பாவும் தேடுவது மாதிரிதான். போன மாதம் என் தங்கையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். எல்லாருடைய அப்பாவும் அப்படித்தான். ஒவ்வொரு மறதியையும் நான் இப்போது ரகசியமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்த எண்ணிக்கையிலிருந்து எப்படி வெளியே வருவதென்று தெரியவில்லை.

"எத்தன தடவ மயங்கி விழுந்திருக்கீங்கப்பா?"

அவருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. விரலை மடக்கினார். 81இல் பக்கத்துத் தோட்டத்தோடு, கோல் கம்பத்தில் இடித்து. 84 இறுதியாட்டத்தில், அன்றைக்கு எழுந்து கோலும் போட்டார். மூன்றாவது, கல்யாணத்துக்குப் பிறகு, மழையில்.

"மூனு" என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார். "நாலு."

*

போன மார்ச்சில் வேறொரு போட்டி. காலிறுதி. பதினொன்றாம் நம்பர் பையன் தலையில் கோல் காவலரின் முழங்கால் இடித்தது. விழுந்தவன் உடனே எழுந்துவிட்டான். கை விறைக்கவில்லை. கோச் தண்ணீர் ஊற்றினார். பையன் கோட்டில் வந்து நின்று என்னையே பார்த்தான்.

பந்து வெளியே போகக் காத்திருந்து அவனிடம் போனேன். இப்படிப்பட்ட நேரத்தில் கேட்பதற்கென்றே ஐந்து கேள்விகள் இருக்கின்றன, மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இது எந்தத் திடல்? இப்போது எந்தப் பாதி? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாரோடு? ஜெயித்தீர்களா? முதல் மூன்றுக்கும் சரியாகச் சொன்னான். நான்காவதற்குக் கோச்சைப் பார்த்தான். பிறகு சொன்னான், சரிதான். ஆனால் முதலில் பார்த்தான்.

"உக்காரு தம்பி."

கோச் கத்தினார். பையன் தெளிவாகப் பேசுகிறானே, நீ என்ன டாக்டரா, நாற்பது வெள்ளி வாங்குகிறவனுக்கு இவ்வளவா. அவன் அப்பாவும் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். பையன் என் சட்டையைப் பிடித்து, "போலே அண்ணே, ஸும்பா போலே" என்றான். அழுகிற மாதிரி இருந்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாற்று ஆட்டக்காரன் இறங்கினான். அவர்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள்.

அன்றிரவு ஏற்பாட்டாளருக்கு நானே செய்தி அனுப்பிக் கேட்டேன். பையனுக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிட்டான், பி.எஸ். விளையாடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லாமல் இருந்திருக்கலாம். உட்கார வைத்ததால்தான் ஒன்றுமில்லாமல் போயிருக்கலாம். இரண்டில் எது என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அடுத்த போட்டிக்கு அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை.

ஆனால் அன்றைக்குத் திடலைவிட்டுக் கிளம்பும்போது அந்தக் கோச், போட்டிக் குழுவின் மேசையிலிருந்து என் உறையை எடுத்துக்கொண்டு வந்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். காரில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். நாற்பது வெள்ளி, சரியாக இருந்தது.